வெப்_யூசர்

விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் போயிருந்தது
வெப்_யூசர் என்பவருக்கு.
பதவி: தெரியாது. முகவரி: இக்கந்தோர்.
ஏப்ரல் பதினாறு, பிற்பகல் இரண்டு பதினாலுக்கு
மூதூர்ப் படகொன்றின் மண்ணெண்ணெய் மானியத்தை
வேறொரு படகுக்கு மாற்றியவர் அவர்தான்.
பதிவு அப்படித்தான் சொல்கிறது.

நான் போய் விளங்கப்படுத்தினேன்.
சேர், அப்படியொரு ஆள் இல்லை.
இருக்கிறோம், அறுபத்தொரு பேர்.
காலையில் ஒருக்கால் உள்நுழைகிறோம்.
அதே நுழைவில் மின்னஞ்சல் திறக்கும்,
லீவு விண்ணப்பம் திறக்கும், படகுப் பதிவும் திறக்கும்.
வாசல்வரைக்கும் அவரவர் முகம்.
வாசலுக்கு அங்கால், தரவுத்தளத்தின் படியில்
எல்லாரும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்குகிறோம்.
சட்டையின் பெயர்தான் வெப்_யூசர்.

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
"அப்ப, சட்டையைத் தைச்சது ஆர்?"

நான்.

ஏழு வருசத்துக்கு முந்தி ஒரு வெள்ளிக்கிழமை,
கரண்ட் போய்ப்போய் வந்த பின்னேரம்,
திங்களுக்கு எப்படியும் இயங்கவேண்டுமென்று
கோப்பொன்றில் பச்சையாக எழுதிவைத்தேன்
ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும்.
பக்கத்தில் ஒரு குறிப்பு: பிறகு திருத்தவேண்டும்.
கடவுச்சொல்லை இனிச் சொல்லலாம்:
என் மோட்டார் சைக்கிளின் நம்பர்.
சைக்கிளை விற்றுவிட்டேன்.
குறிப்பு கிடந்தது.

ஆறு கிழமை, உப்புவெளி அறையில்,
நுளம்புத்திரியும் நானும்.
பஸ் நிலையத்து ஓட்டோக்கள்போலப்
பத்து இணைப்புகள் எஞ்சினை நிறுத்தாமல் நிற்கும்.
ஆர் ஏறினாலும் ஓடும்; பெயர் கேட்காது.
இனிக் கேட்கவேண்டும்.
ஏறுகிறவர் காலையில் வாங்கிய சீட்டை நீட்ட
அந்தப் பெயரிலேயே உள்ளே போகவேண்டும்.
அது சரிவந்தது.
சரிவராதது மறதி.
இறக்கிவிட்ட கையோடு பெயரை மறக்கவேண்டும் ஓட்டோ.
மறக்காத ஒரு இரவில்
கிண்ணியா றிஸ்மியா கேட்ட கேள்வியைச்
சுகிர்தன் கேட்டதாக எழுதிவைத்தது.
சுகிர்தன் அப்போது வெருகலில், கலியாணவீட்டில்.

சீட்டுக்கு ஒரு மணித்தியாலம்தான் உயிர்.
ஒருமுறை காட்டினால் போதும் என்று
நான் பயிற்சிப்பட்டறையில் சொன்னபோது
பின்வரிசையில் ஆரோ சிரித்தார்கள்.
எனக்கும் விளங்கியது.
லோஞ்சில் ஏற ஒருதரம், இறங்க ஒருதரம்,
சந்திக்குச் சந்தி ஒருதரம் என்று
ஒரே அட்டையை நீட்டிய கைகள் இவை.

கணக்குப் பகுதி அமிர்தசீலி அக்கா
தேத்தண்ணி நேரத்தில் வந்தா.
"தம்பி, இனி என்ர பேர் விழுமோ?"
விழும் அக்கா.
"மாத்தினாத்தானே?"
பார்த்தாலும் விழும்.
"அதை ஆர் வாசிக்கிறது?"
மூன்று பேருக்குத்தான் அனுமதி என்றேன்,
பெருமையோடுதான் சொன்னேன்.
"பேர் எழுதின தாளுக்கு
மூண்டு பேர் காணும் தம்பி."
கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனா.
ஆருடைய பெயர், எந்தத் தாள் என்று
நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

முதல் திங்கட்கிழமை.
வாசலில் கோட்டைப் பக்கத்து மானொன்று
காட்போட் பெட்டியை மென்றுகொண்டு நின்றது.
காவலாளி எங்களிடம் மட்டும் அட்டை கேட்டார்.
உள்ளே, பதிவில், முதன்முதலாக மனிதர்கள்:
எட்டு முப்பத்தொன்று, றிஸ்மியா, பார்த்தார்.
எட்டு நாற்பது, சுகிர்தன், திருத்தினார்.
எட்டு நாற்பத்திநாலு, றிஸ்மியா.
எட்டு நாற்பத்தேழு, றிஸ்மியா.
ஒன்பதுக்குள் பதினெட்டுத் தரம் றிஸ்மியா.

எட்டிப் பார்த்தேன்.
றிஸ்மியாவின் மேசையருகே கதிரையை இழுத்துப்போட்டு
அமிர்தசீலி அக்கா இருந்தா,
மடியில் ரசீதுக் கட்டு.
ஒவ்வொரு படகின் இலக்கத்தையும் மெல்ல வாசிக்க
இவள் தட்டிக்கொண்டிருந்தாள்.
இரண்டு பேரும் என்னைக் கண்டார்கள்.
றிஸ்மியா விரலை எடுக்கவில்லை.

முறைப்படி நான் அறிக்கை எழுதவேண்டும்.
கணினியைத் திறந்து, என் பெயரில் உள்நுழைந்து,
கொஞ்சநேரம் இருந்தேன்.

மண்ணெண்ணெய் விசாரணை இன்னும் முடியவில்லை.
கோவையின் கடைசித் தாளில் சிவப்பு மையில்
வெப்_யூசருக்கு எதிரே எழுதியிருக்கிறது:
சமுகமளிக்கவில்லை.